நாற்பத்துநாலு கண்ணி

பனியடிமை என்று பெயர் வைத்தார்கள் எனக்கு.
நான் பனியைப் பார்த்தது ஐஸ் கம்பெனியில்தான்,
சாளைமீன் மேல் அள்ளிக் கொட்டும்போது.
வடசேரியில் கம்பளி நூல் கேட்டதும்
கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார், பிறகு என்னை.
ஊட்டிக்கா என்றார்.
ஆசாரிப்பள்ளத்துக்கு என்றேன்.

சித்திரை வெயில்.
குளச்சலிலிருந்து களியக்காவிளை வரைக்கும்
ஆளாளுக்கு வேர்த்துக்கொண்டிருக்க,
ஆஸ்பத்திரி மாடியில், கண்ணாடிக்கு அந்தப்புறம்,
ஒரு கிலோ நூற்றைம்பது கிராமில்
ஒருத்திக்கு மட்டும் குளிர்ந்தது.
தலை வழியாத்தான் சூடு போகும், தொப்பி வேணும்
என்றார் ஜாஸ்பின் சிஸ்டர்.
கடையில் இருந்த தொப்பிகள் எல்லாம்
பிறந்து முடித்த பிள்ளைகளுக்கானவை.

பெஞ்சில் எனக்கு அடுத்தது ரெஜிகுமார்.
குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிறவன்.
அவனுடையது ஏழாம் பெட்டி, பையன்.
பின்னத் தெரிந்தவன் என்று சொல்ல முடியாது,
முந்தாநாள் தொடங்கியவன்,
என்னைவிட நாலு வரிசை முன்னால் இருந்தான்,
அவ்வளவுதான்.
நுழை. சுற்று. இழு. விடு.
அவன் வாயால் சொல்ல,
சத்தத்தை அணைத்துவைத்த போனில்
முகம் தெரியாத ஒரு பெண்ணின் கைகள்
அதையே செய்தன.

எனக்கு வலை கட்டும் கை.
ஆடும் வள்ளத்தில், கண்ணை மூடிக்கொண்டு கட்டும்.
கண்ணி என்றால்
நாலு முடிச்சுக்கு நடுவே கடல் போகிற வழி.
இவனும் இதைக் கண்ணி என்றே சொன்னான்.
முடிச்சு எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
முடிச்சே கிடையாது.
ஒரு வளையம்
இன்னொரு வளையத்தின் கழுத்தைப் பிடித்துத் தொங்குகிறது,
அதன் கழுத்தில் மற்றொன்று.
ஒன்று நழுவினால்
ஏணியில் இறங்குகிறவனைப் போல
அடிவரைக்கும் இறங்கிவிடுகிறது.
இப்படி ஒன்றை நம்பி எவன் கடலுக்குப் போவான்?

விரல் தன்னால் முடிச்சுப் போட்டது.
அவிழ்த்தேன். போட்டது.
நான் இழுத்த இழுப்பில்
கண்ணிகள் ஊசியை நெரித்துக்கொண்டு
அடுத்த வரிசைக்கு முனையை உள்ளே விடவில்லை.
நங்கூரமா இழுக்குதீரு, என்றான் ரெஜி.
பட்டைய மட்டும் தொடணும் வேய்,
மரத்துல படப்பிடாது.
பால் தன்னால வரும்.

நாற்பத்துநாலு ஏற்றினேன்.
மூன்றாம் வரிசையில் எண்ணினால் நாற்பத்தொன்பது.
எங்கிருந்து வந்தன ஐந்து?
பிரித்தேன்.
அன்றைக்கு எடை ஆயிரத்து நூற்று முப்பது.
இறங்கியிருக்கிறது, முதல்ல இறங்கத்தான் செய்யும்
என்றார் சிஸ்டர்.
மறுபடி நாற்பத்துநாலு.
பத்தாம் வரிசையில் நாற்பத்தொன்று.
புயல் ஓய்ந்த காலையில்
கரையேறியவர்களை எண்ணுகிற மாதிரி
வலமிருந்து எண்ணினேன், இடமிருந்து எண்ணினேன்.
மூன்று வரவில்லை.
இந்தத் தடவை பிரிக்கவில்லை,
நேரம் இல்லை.
போனில் அந்தப் பெண் எதிர்க்கண்ணிக்குப் போய்விட்டாள்.
நான் போகவில்லை.

நாலாம் நாள் பக்கம் தைத்து
உச்சியைச் சுருக்கியதும்
ஒரு முடிச்சுப் போடச் சொன்னது போன்.
ஒரே ஒரு முடிச்சு.
போட்டேன், சுறா இழுத்தாலும் அவிழாத ஒன்று.
ரெஜி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

வெந்நீரில் போட்டு, உலர்த்தி, சிஸ்டர் உள்ளே கொண்டுபோனார்.
மூக்கு வரை இறங்கியது.
இரண்டு மடிப்பு மடித்துவிட்டார்.
இடது காதுக்கு மேலே
அந்த மூன்று போன இடத்தில் ஒரு ஓட்டை.
அதன் வழியே கொஞ்சம் முடி, ஈரமாக.
ஆயிரத்து நூற்று எண்பது.

ஞாயிறு ராத்திரி பதினொரு மணிக்கு
ஏழாம் பெட்டியைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள்.
ஆம்புலன்ஸில் ஏறும்போது ரெஜி
ஊசியோடு, பாதித் தொப்பியோடு
பையை என் மடியில் வைத்துவிட்டான்.
இவரு முடிப்பாரு, என்று டிரைவரிடம் சொன்னான்,
டிரைவர் கேட்கவே இல்லை.

அவன் விட்ட வரிசையிலிருந்து பின்னுகிறேன்.
எவ்வளவு தளர்த்திப் பிடித்தாலும்
கோடு போட்டதுபோல் தெரிகிறது,
அவன் கை முடிந்த இடமும்
என் கை தொடங்கும் இடமும்.
போன் பண்ணிக் கேட்கவில்லை.
இன்னும் ஆறு வரிசை இருக்கிறது.